கம்பெனி விலைக்கு மேலே

டெஸ்ட் டிரைவுக்காக வண்டியை ஷோரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் மாஸ்டர் செய்த முதல் காரியம், சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததுதான். உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, காலை நீட்டித் தரையில் பிரேக்கைத் தேடினார். பிரேக் இல்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மிதியடிதான் இருந்தது.

ஷோரூம் பெண் கதவருகே குனிந்து பார்த்தாள்.

"சார், ஓட்டப் போறது நீங்களா, நானா?"

"ஐயோ, நான்தான்."

"அப்ப ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கு சார்."

சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டாள். மாஸ்டருக்குக் காது சுட்டது. இறங்கி, வண்டியை முன்பக்கமாகச் சுற்றிவந்து, யார் வீட்டுக்கூடத்திலோ செருப்போடு நுழைகிறவர்போல ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். வேலை முழுக்கப் பக்கத்து இருக்கையில்தான். அங்கே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயத்தில் எதை மிதித்தாலும் இவர் கால் முந்திக்கொள்ளும். நாளடைவில் அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். முடி வெட்டிக்கொள்ளும் நாற்காலியிலும் மிதிக்கும். ஒருமுறை பல் டாக்டர் ஊசியோடு குனிந்தபோது மிதித்த மிதியில் டாக்டரின் ஸ்டூல் சக்கரம் உருண்டு சுவர்வரை போய்விட்டது.

சொந்தமாக ஒரு வண்டி அவரிடம் இருந்ததில்லை. நாள் முழுக்க வண்டியில் கிடக்கிறவனுக்கு வண்டி எதற்கு என்று இருந்துவிட்டார். கல்யாணமும் அப்படித்தான், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, பார்க்கச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு அக்கா. பஸ்ஸில் நான்கு மணி நேர தூரத்தில் தனியாக இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் முட்டி ஆபரேஷன் முடிந்து, பஸ் படியில் ஏற முடியாமல் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொன்னாள்: "உனக்குன்னு ஒரு காரு வாங்குடா. உன் பக்கத்துல உக்காந்து நான் வரணும்."

அந்த வார்த்தையை மாஸ்டர் வேட்டி மடிப்பில் வைத்த சாவிபோல பத்திரமாக வைத்திருந்தார். கிடைத்த சம்பளத்தில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தார். அதிலும் மின்சார வண்டிதான் என்று தீர்மானித்ததற்குக் காரணம் இருந்தது. கியர் நெரிபடும் சத்தம், இஞ்சின் உறுமல், அதற்கு மேலே தன் குரல் என்று கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை தகரமாகிவிட்டது. அக்கா தாழ்ந்த குரலில் பேசுகிறவள். சத்தமில்லாத வண்டியில்தான் அவள் பேசுவது காதில் விழும்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், அவர் பங்குக்கு வந்த இடத்துத் தூணில் சார்ஜ் போடுவதற்கான பிளக் பாயிண்ட்டைக்கூட மாட்டியாகிவிட்டது. செக்ரட்டரியிடம் மூன்று முறை மனுக் கொடுத்து வாங்கிய அனுமதி. வண்டி வரும்வரை சும்மா கிடக்கிறதே என்று வாட்ச்மேன் அதில் தன் மேஜை ஃபேனைச் செருகிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. கடல் தாண்டி இருக்கும் மகன் வீட்டுக்கு அக்கா ஒரேயடியாகப் போகிறாள். அடுத்த மாதம் மூன்றாம் தேதி விமானம். நடுவில் பதினாறு நாள்.

வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அவ்வளவு அமைதியில் மாஸ்டர் ஓட்டியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வளையல் உரசுவது கேட்டது. அவள் கோட்டுப் பையில் போன் அதிர்வது கேட்டது. தன் கை கியரைத் தேடிப் போய் வெறுங்கையாகத் திரும்பி வருவதையும் கவனித்தார். திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. பழக்கதோஷம், வாய் தானாக முணுமுணுத்தது:

"கண்ணாடியைப் பாரு. சிக்னல் போடு. யாரும் துரத்தலை, மெதுவா. யாரும் துரத்தலை."

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள்.

"மாஸ்டர்?"

"என்ன மேடம்?"

"மாஸ்டர், நீங்களா! 'யாரும் துரத்தலை' மாஸ்டர்! நான் உங்ககிட்ட ஓட்டப் படிச்சேன் மாஸ்டர். பதினொரு வருஷம் ஆச்சு. டெஸ்ட்ல ரெண்டு வாட்டி ஃபெயிலாகி, மூணாவது வாட்டி பாஸானேன். குப்பைத் தொட்டியை இடிச்சேனே, ஞாபகமில்ல?"

"குப்பைத் தொட்டி நிறைய பேர் இடிச்சிருக்காங்கம்மா."

"ஒரு மணி நேரமா எதிர்ல உக்காந்து வண்டியைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன், அடையாளமே தெரியலை பாருங்க. குரலை வச்சுத்தான் பிடிச்சேன்."

இது மாஸ்டருக்குப் புதிதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மருந்துக்கடையில், பாங்கில், பூங்காவில் எதிரே வருவார்கள், விலகிக்கொண்டு போவார்கள். இருபத்திரண்டு நாள் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஆனால் அத்தனை நாளும் ரோட்டைத்தான் பார்த்தார்கள். நேராகப் பார், என்னைப் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தானே. சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள்.

"பாரு, நானும் உன்னைப் பார்க்கலைம்மா" என்றார். "உன் கால் ரெண்டும்தான் எனக்குப் பழக்கம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாஸ்டர் அந்த ஒரு ரவுண்டுக்குப் பதில் மூன்று ரவுண்டு ஓட்டினார்.

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அச்சடித்த விலைத்தாளில் கம்பெனி விலை இருந்தது. அதற்கு அடியில் பேனாவால் எழுதிய இன்னொரு எண் இருந்தது. அது மட்டுமே மாஸ்டரின் ஏழு மாதச் சம்பளம்.

"இது என்னம்மா குட்டி போட்டிருக்கு?"

அவள் மனப்பாடமாகச் சொன்னாள். "சீட் கவர், மேட், பெயின்ட்டுக்கு கோட்டிங், அப்புறம் ஒதுக்கீட்டுக் கட்டணம்."

"எனக்கு வண்டி ஒதுக்குறதுக்கு எனக்கே கட்டணமா?"

"அப்படித்தான் மாஸ்டர் ஓடிட்டிருக்கு. வண்டி கம்மி, ஆள் ஜாஸ்தி. எல்லா டீலரும் வாங்கறாங்க."

"சீட் கவர் வேண்டாம். கோட்டிங் வேண்டாம். மேட்டு நான் சாக்கைப் போட்டுக்கறேன்."

"தனித்தனியா கழிக்க முடியாது மாஸ்டர், ஒரே கட்டு." கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. வாங்காதீங்க. லிஸ்ட்ல பேரை மட்டும் போட்டுட்டுப் போங்க. எட்டு மாசத்துல கம்பெனி விலைக்கே வரும். இப்ப நிக்கறது நீங்க ஓட்டின, யாரோ கேன்சல் பண்ணின வெள்ளை வண்டி ஒண்ணுதான், அதுக்குத்தான் இந்த ஆட்டம்."

"எட்டு மாசத்துல அக்கா இருக்க மாட்டாளேம்மா."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ. உடம்புக்கு என்ன மாஸ்டர்?"

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. மகன் வீட்டுக்குப் போறா."

"ஒரு நிமிஷம் என் உயிரை எடுத்துட்டீங்க" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் அந்த வெள்ளை வண்டியை யாருக்கும் விடாம பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள்.

அது புதன்கிழமை. வியாழனும் வெள்ளியும் மாஸ்டர் வண்டியில் இருந்தார், மனம் அங்கே இல்லை. கம்பெனி விலைக்கு வேண்டியது கையில் இருந்தது. அதற்கு மேலே கொடுத்தால் பிற்காலத்துக்கென்று ஒதுக்கியதில் அடிமட்டம்வரை துடைத்தெடுக்க வேண்டும். ஏழு மாதம் என்றால் எத்தனை பேர், எத்தனை குப்பைத் தொட்டி என்று கணக்குப் போடுவதற்குள் ஒரு கல்லூரிப் பெண் நடைபாதையில் ஏற்றிவிட்டாள்.

ஸ்கூல் முதலாளிக்கு விஷயம் எட்டிவிட்டது. "என்ன மாஸ்டர், கிளட்ச் இல்லாத வண்டி வாங்கறீங்களாமே. எல்லாரும் அதை வாங்கிட்டா நமக்கு யாரு வருவா? சொந்தத் தொழிலுக்கே வேட்டு வைக்கறீங்களே."

"ஒரு வண்டியில ஒண்ணும் ஆயிடாது முதலாளி."

"அக்காவை ஒரு தடவை உக்கார வைக்கறதுக்குத்தானே? நம்ம ஸ்கூல் வண்டியை எடுத்துட்டுப் போங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"பக்கத்து சீட்ல பிரேக்கு இருக்கே. அக்கா காலை எங்க வைப்பா?"

"பிரேக்குமேல வைக்கட்டும். இத்தனை வருஷம் நீங்க அடுத்தவனுக்குப் போட்டீங்க, ஒருநாள் உங்களுக்கு ஒருத்தர் போடட்டுமே."

முதலாளி விளையாட்டாகத்தான் சொன்னார். மாஸ்டர் அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கூரையில் பலகையும் கதவில் போன் நம்பரும் எழுதிய வண்டியில் அக்காவை ஏற்ற மனம் ஒப்பவில்லை. அது வேலைக்காரன் வண்டி. தம்பி வண்டி ஆகாது.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தார். பாங்க் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் செய்தார். வாங்குவது என்று முக்கால்வாசி முடிவு பண்ணியாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் கால்வாசியும் கூடிவிடும்.

"அக்கா, கார் வாங்கிடலாம்னு இருக்கேன்."

"யாருக்குடா?"

"எனக்குத்தான்."

"உனக்கெதுக்கு? நீதான் நாள் பூரா காரிலேயே குடியிருக்கியே."

"நீதானேக்கா சொன்னே. உன் பக்கத்துல உக்காந்து வரணும்னு."

"எப்பச் சொன்னேன்?"

"முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப. பஸ் ஸ்டாண்டுல."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருப்பேன்டா. வலியில டாக்டரைக்கூடத் திட்டினேன். அதையா இவ்வளவு நாளா வச்சிட்டிருக்கே?"

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு தொண்டையில் பாதி நின்றது. "இல்லக்கா, சும்மா ஞாபகம் வந்துச்சு."

அக்கா அவரைத் தூக்கி வளர்த்தவள். அந்தப் பாதிச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு கேக்கறான்?"

விலையைச் சொன்னார். மேலே கேட்பதையும் சொன்னார். அதில் பாதியைத்தான் சொன்னார்.

"பாழாப் போறவன்! நான் ஒருநாள் உக்கார்றதுக்கா அது?"

"ஒருநாள் இல்லக்கா. பதினாறு நாள்... இப்ப பதிமூணு."

அவளுடைய தாழ்ந்த குரல் வந்தது; மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இங்க பாரு தம்பி. நீ ஓட்டினா ரோட்டைப் பார்ப்பே. நானும் ரோட்டைத்தான் பார்த்துட்டு வரணும். போற நேரத்துல எனக்கு எதுக்குடா ரோடு? அது நான் போற ஊர்ல இல்லாததா? நாளைக்குப் பஸ் ஏறி வா. எதிர்ல உக்காரு. உன் மூஞ்சியைப் பார்த்து நாளாச்சு."

"போன வருஷம் வந்தேனேக்கா."

"வந்தே. டிவியைப் பார்த்துட்டு உக்காந்திருந்தே."

நான்கே முக்காலுக்கு மாஸ்டர் ஷோரூமுக்குள் நுழைந்தபோது அந்த வெள்ளை வண்டிக்குள் ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் தலைக்கு மேலிருந்த வெயில்தடுப்பை இறக்கி, அதிலிருந்த கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஷோரூம் பெண் ஓடிவந்தாள்.

"சும்மா உக்காந்து பார்க்கறாங்க மாஸ்டர். இன்னும் பதினஞ்சு நிமிஷம் உங்க டைம் இருக்கு. சொல்லுங்க, எழுப்பிடறேன்."

மாஸ்டர் அந்தப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மிதியடியின் பிளாஸ்டிக் உறையை யாரோ உரித்துவிட்டிருந்தார்கள்.

"வேண்டாம்மா, உக்காந்திருக்கட்டும். லிஸ்ட்ல பேர் எழுதிக்கோ."

"நிஜமாவா?"

"கம்பெனி விலைக்கு. ஒரு மேட்டுகூட எக்ஸ்ட்ரா இல்லாம."

அவள் சந்தோஷமாகப் படிவத்தை எடுத்தாள். பெயர், முகவரி, போன் நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். "இன்னொரு நம்பர் கொடுங்க மாஸ்டர். வண்டி வர்ற அன்னைக்கு நீங்க எடுக்கலைன்னா கூப்பிடறதுக்கு."

மாஸ்டர் அக்காவின் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் ஐந்து எண் சொன்னபிறகுதான், மூன்றாம் தேதிக்கு மேல் அந்த நம்பர் யாரிடமும் அடிக்காது என்பது உறைத்தது. அவள் பேனாவோடு காத்திருந்தாள். மேஜைமேல் இருந்த பொம்மைக் காரை எடுத்து, திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அதை அடிச்சிரும்மா. நான் எடுப்பேன். எப்ப அடிச்சாலும் எடுப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பாதி சாமான் பெட்டிக்குள்ளும் பாதி தரையிலும் இருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து முன்பக்கச் சுவரைப் பார்த்தார்.

அக்கா சோபாவின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒரு மரஸ்டூலைத் தரதரவென்று இழுத்துவந்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைக் கூப்பிட்டா நான் எடுத்துட்டு வர மாட்டேனா?" என்றார் மாஸ்டர்.

"கத்தாதடா. நான் இஞ்சின் இல்லை."

அதற்குமேல் எங்கே பார்ப்பது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. ஸ்டூல் காலைப் பார்த்தார், அவள் கைவிரலைப் பார்த்தார். ரோடு இல்லாமல் ஒரு மனிதரோடு பேசுவது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் நிமிர்ந்தார். அவள் கீழ் உதட்டில் ஒரு மச்சம் இருந்தது. அது எப்போதும் அங்கே இருந்ததா, புதிதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"உனக்குப் புருவம்கூட நரைச்சிடுச்சே" என்றாள் அக்கா.

"எப்பவோ நரைச்சிருக்கும். யாரும் சொல்லலை."

"யாரு சொல்வா. எல்லாரும் பக்கவாட்டுல இருந்தா."

பேசினார்கள். மகன் வீட்டில் மாடிப்படி அதிகம் என்று அவள் பயந்தாள். மருமகள் நல்லவள்தான், ஆனால் வேகமாகப் பேசுவாள், பாதி புரியாது என்றாள். தனக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை என்றாள். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில் அவள் குரல் உடைந்தபோது அவர் கால் தரையை அழுத்தி மிதித்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

"எதைடா நிறுத்தப் பார்க்கறே?"

மாஸ்டர் காலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் தேதி விமான நிலையத்துக்கு மகன் ஏற்பாடு செய்த வேன் வரும் என்றும், பெட்டிகள் ஆறு இருப்பதால் இடம் இருக்காது என்றும், நீ வந்து அலைய வேண்டாம் என்றும் அக்கா சொன்னாள். சரி என்றார். கிளம்பும்போது அந்த மரஸ்டூலைக் காட்டி, வேண்டுமா என்று கேட்டாள். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஸ்டூல் அங்கேயே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. இருவர் உட்காரும் இருக்கையில் மாஸ்டர் தன்னையறியாமல் ஜன்னல் பக்கத்தை விட்டுவிட்டு நடைவழிப் பக்கமே உட்கார்ந்தார். இரண்டு ஊர் கடந்தபிறகுதான் ஜன்னலோரம் காலி என்பதைக் கவனித்தார். நகர்ந்து உட்காரலாம்தான். உட்காரவில்லை. வளைவு வந்தபோதெல்லாம் கால் மிதித்தது. பஸ் அதுபாட்டுக்குப் போனது.

வெயில் தாழ்ந்த நேரத்துக்குக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். கீழ்த்தளத்தில் அவருடைய இடம் எண்ணெய்க் கறைகூட இல்லாமல் துப்புரவாகக் கிடந்தது. தூணோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன் பனியனோடு சாய்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து, அவசரமாக ஃபேனைப் பிடுங்கப் போனார்.

"வண்டி வந்துடுச்சா சார்? நான் எடுத்துடறேன்."

"இல்லப்பா. எட்டு மாசம் ஆகும்."

வாட்ச்மேன் கையில் பாதி பிடுங்கிய பிளக்கோடு நின்றார். "அப்ப... இது இருக்கட்டுமா சார்?"

"இருக்கட்டும்."

ஃபேன் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது. மாஸ்டர் மாடிப்படிவரை போனவர் நின்று, திரும்பி வந்து, அந்தக் காலி இடத்தின் நடுவில் காற்று படும்படியாகக் கொஞ்சநேரம் நின்றார்.